121 கட்-ஆஃப்பும் கணினிப் படிப்பும்

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று என் பேச்சு, வர மனமில்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு வழி சொல்ல ஊரே திரண்டு நிற்கிறது. பத்திரிகையில் படம் வருகிறது. கல்லூரிகள் வீடு தேடி வருகின்றன. ஆனால் கணக்கில் 62 எடுத்த பிள்ளை, "எனக்குக் கம்ப்யூட்டர் படிக்கணும்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? "இந்த மார்க்குக்கு அது ஒரு கேடா?" என்கிறது ஒரு குரல். "ரெண்டு லட்சம் கட்டுங்க, நான் வாங்கித் தர்றேன்" என்கிறது இன்னொரு குரல். இரண்டு குரலும் அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்யவில்லை. இந்த நாட்டிலே, இந்தத் தமிழ்நாட்டிலே, மதிப்பெண் குறைந்த பிள்ளை கணினிப் படிப்புக்குள் நேர்மையாக, தலை நிமிர்ந்து போவதற்குப் பல வழிகள் சட்டப்படி இருக்கின்றன. அந்த வழிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உள்ளே போவதைப் பற்றி மட்டும் அல்ல, போன பிறகு அங்கே எப்படி நிலைப்பது என்பதைப் பற்றியும்.

முதலில் இந்தக் கட்-ஆஃப் என்றால் என்ன என்று பார்ப்போம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கணக்கில் 62, இயற்பியலில் 58, வேதியியலில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 62ம் 29ம் 30ம் சேர்ந்தால் 121. முடிந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் அன்றிலிருந்து 121.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அதே பிள்ளை பிளஸ் டூவில் கணினி அறிவியல் பாடத்தையும் படித்திருக்கிறது. பைதான் எழுதியிருக்கிறது. அதில் 95 வாங்கியிருக்கலாம். கணினிப் பொறியியலுக்கு இடம் ஒதுக்கும் இந்தக் கணக்கில் அந்த 95க்கு இடமே இல்லை. வேதியியலில் ஒரு சமன்பாட்டை மறந்ததற்குத் தண்டனை உண்டு, நிரல் எழுதத் தெரிந்ததற்குப் பரிசு இல்லை. கட்-ஆஃப் தவறு என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேரை வரிசைப்படுத்த ஏதோ ஓர் அளவு வேண்டும். இருந்த நுழைவுத் தேர்வையும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எடுத்துவிட்டோம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நல்லதாகவே ஆயிற்று. ஆனால் 121 என்பது வரிசையில் நிற்கும் இடம். மூளையின் அளவு அல்ல. இதைப் பெற்றோர்கள் முதலில் நம்ப வேண்டும். நீங்கள் நம்பாவிட்டால் பிள்ளை நம்பாது.

சரி, 121க்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா? கிடைக்கும். கலந்தாய்வில் கலந்துகொள்ள அந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 விழுக்காடு இருந்தால் போதும். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்த பிறகும் இடங்கள் காலியாக நிற்கின்றன. பிளஸ் டூவில் ஒரு பாடம் போய், துணைத் தேர்வில் தேறியவர்களுக்குக்கூடத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. அந்தப் பட்டியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள்தான் போட்டியிடுகிறார்கள். பொதுப் பட்டியலில் கைக்கு எட்டாத கல்லூரி அங்கே எட்டலாம். தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் அந்த ஒதுக்கீட்டுக்கான கட்டத்தில் குறி போடாமல் விட்டுவிட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான். விண்ணப்பிக்கும்போது பக்கத்தில் ஓர் ஆசிரியரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இடம் கிடைக்குமா என்பது கேள்வியே அல்ல. எந்த இடம் என்பதுதான் கேள்வி. அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்களா? ஆய்வகத்தில் கணினி ஓடுகிறதா? மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, "போன வாரம் லேபில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்த விளம்பரப் பலகையையும்விட உண்மையானது.

பணம் கட்டிச் சேரும் நிர்வாக ஒதுக்கீடு பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, பேர் தெரியாத கல்லூரியில் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்ற இரண்டு சொல்லை வாங்காதீர்கள். அதே பிள்ளைக்கு அதைவிட நல்ல படிப்பு, அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவில்லாமல் இருக்கிறது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பாலிடெக்னிக்! இந்தச் சொல்லைக் கேட்டதும் சில முகங்கள் சுருங்குகின்றன. ஏன் சுருங்க வேண்டும்? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் சேரலாம். கணினிப் பொறியியல் டிப்ளமா மூன்று ஆண்டு. அதை முடித்தவர் பி.இ. படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்கிறார்கள். அதற்கென்று தனிக் கலந்தாய்வு காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியின் பொறுப்பில் நடக்கிறது. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. டிப்ளமா மதிப்பெண்தான் தரவரிசை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு, மொத்தம் ஆறு. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமா மூன்று ஆண்டு, பி.இ. மூன்று ஆண்டு, மொத்தம் ஆறு. ஒரு நாள்கூடக் கூடுதல் இல்லை! அதே ஆறு ஆண்டில், நடுவிலே கையில் ஒரு டிப்ளமா சான்றிதழும், மூன்று ஆண்டு ஆய்வகப் பழக்கமும் சேர்ந்திருக்கின்றன. நடுவில் வீட்டில் ஒரு கஷ்டம் வந்து படிப்பை நிறுத்த நேர்ந்தால், பிளஸ் டூவோடு நிற்கும் பிள்ளையைவிட டிப்ளமாவோடு நிற்கும் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

"பத்தாவதிலேயே சேர்த்திருக்கணும், இப்போ பிளஸ் டூ முடிச்சாச்சே" என்று ஓர் அம்மா நினைக்கலாம். பிளஸ் டூ முடித்தவரும் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம் அம்மா. இரண்டு ஆண்டில் டிப்ளமா, பிறகு மூன்று ஆண்டில் பி.இ., ஆக ஐந்து ஆண்டு. நேராகப் போகிறவரைவிட ஒரே ஓர் ஆண்டு கூடுதல். 121 கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளை இன்று ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியை எட்டிப் பார்க்க முடியாமல் இருக்கலாம். அதே பிள்ளை டிப்ளமாவில் மனம் வைத்துப் படித்தால் சேலத்திலோ, திருநெல்வேலியிலோ, கோயம்புத்தூரிலோ அரசுக் கல்லூரி வாசலில் போய் நிற்க வாய்ப்பு இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்தவருக்கும் டிப்ளமா இரண்டாம் ஆண்டு திறந்திருக்கிறது. ஆக, பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போன பிள்ளைகூட ஏழு ஆண்டில் பொறியாளர் ஆகலாம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் பகுதிநேர பி.இ. படிக்கும் வழக்கமும் கோயம்புத்தூரில் நெடுங்காலமாக உண்டு.

சுற்றி வந்து பொறியியல் படிப்பது நம் மண்ணுக்குப் புதிதா? குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை நினைத்துப் பாருங்கள். பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்து, மூன்று ஆண்டில் பொறியாளராக்கி அனுப்பிய நிறுவனம் அது. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு அந்த வாசல் வழியாகப் போனவர் அப்துல் கலாம். அதே செயிண்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்துவிட்டு அதே வாசல் வழியாகப் போனவர் எஸ். ரங்கராஜன், நாம் சுஜாதா என்று கொண்டாடும் எழுத்தாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு அவருக்கு. கணினியைத் தமிழ் வாசகனுக்கு வீட்டுப் பொருளாகப் பழக்கியவரும் அவரே. நாகர்கோவிலில் கணிதம் படித்துவிட்டு அங்கே போனவர் இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன். இவர்கள் மதிப்பெண் குறைந்தவர்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மூவரும் கெட்டிக்கார மாணவர்கள். நான் சொல்வது வேறு. பட்டம் முடித்துவிட்டுப் பொறியியலுக்குள் நுழைவது அன்று கௌரவமான வழியாக இருந்தது. இன்று ஏன் அதைக் குறைவாக நினைக்கிறோம்?

அதனால்தான் பி.எஸ்சி. கணினி அறிவியலையும் பி.சி.ஏ.வையும் நான் உரக்கப் பேசுகிறேன். இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, என் கணிப்பில், இதுதான் மிகப் பொருத்தமான வழி. பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியிலேயே இருக்கிறது. பேருந்தில் போய் வரலாம். வணிகவியல் பிரிவில் படித்த பிள்ளைக்கும் பல இடங்களில் பி.சி.ஏ. கிடைக்கிறது. 2024-25ஆம் கல்வியாண்டிலிருந்து பி.சி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டது. சேருமுன் கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று ஆண்டு முடிந்ததும் எம்.சி.ஏ. இது முன்பு மூன்று ஆண்டு. 2020-21இலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். மூன்றும் இரண்டும் ஐந்து. பி.இ.யைவிட ஓர் ஆண்டு கூடுதல், ஆனால் கையில் இருப்பது முதுகலைப் பட்டம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதினால் மாநிலத்தின் நல்ல கல்லூரிகளில் எம்.சி.ஏ. சேரலாம். என்.ஐ.டி.களின் எம்.சி.ஏ. சேர்க்கைக்கான நிம்செட் தேர்வை எழுதினால் திருச்சி என்.ஐ.டி.யில் சேரலாம். பிளஸ் டூவில் 121 வாங்கிய பிள்ளை, மூன்றே ஆண்டு கழித்து, திருச்சி என்.ஐ.டி. வளாகத்துக்குள் போக முடியும்! நிம்செட்டுக்குப் பட்டப்படிப்பில் கணக்கோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டும், 60 விழுக்காடு வாங்கியிருக்க வேண்டும். இதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டால் தாமதம். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். சேரும் பாடத்திட்டத்தில் கணக்கு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இன்னொரு வாசல் 2020இல் திறந்தது. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் தரவு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டியதில்லை. பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாவது தேறியிருந்தால் போதும். எந்தப் பிரிவு என்று கேட்பதில்லை. அவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய மதிப்பெண்ணைப் பார்த்து உள்ளே விடுவதும் இல்லை, வெளியே தள்ளுவதும் இல்லை. நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். ஆங்கிலம், கணக்கு, புள்ளியியல், கணிப்புச் சிந்தனை. வாரந்தோறும் பயிற்சி. பிறகு, நடத்திய பாடத்திலிருந்தே நேரில் ஒரு தேர்வு. தேறினால் உள்ளே. "நீ நேற்று என்ன வாங்கினாய்?" என்று கேட்காமல், "நான் சொல்லிக் கொடுத்தால் உன்னால் கற்றுக்கொள்ள முடிகிறதா?" என்று கேட்கும் தேர்வு இது. எல்லாக் கல்லூரிகளும் இப்படிக் கேட்டால் நம் கடைசி வரிசை எவ்வளவு முன்னே வந்துவிடும்!

அங்கே முழுப் பட்டம் வரை போக முடியாவிட்டாலும் அடிப்படைச் சான்றிதழோடு, டிப்ளமாவோடு, பி.எஸ்சி.யோடு என்று படிப்படியாக வெளியே வரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டில் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாமல், ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய படிப்பு இது. உள்ளே நுழைவது எளிது, தாக்குப்பிடிப்பது கடினம். தனியாக இதை மட்டும் நம்பிச் சேர்வதைவிட, பக்கத்துக் கல்லூரியில் ஒரு பி.எஸ்சி. படித்துக்கொண்டே இதையும் படிப்பது நல்லது என்பது என் எண்ணம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ., மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் 'ஓ' லெவல், 'ஏ' லெவல் படிப்புகள், வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு இவை உதவும்.

இதுவரை வாசல்களைச் சொன்னேன். இனிமேல் சொல்வது கசப்பாக இருக்கலாம். இந்த வழிகள் ஒவ்வொன்றும் பிள்ளையின் தலையில் ஒரு கடனை ஏற்றுகிறது. பணக் கடன் அல்ல, பாடக் கடன். யாரும் இந்தக் கடனைச் சொல்லி அனுப்புவதில்லை. உள்ளே போன பிறகுதான் வட்டியோடு வந்து நிற்கிறது.

டிப்ளமா முடித்து இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளையைப் பாருங்கள். மற்றவர்கள் முதல் ஆண்டில் அணிகளும் நுண்கணிதமும் புள்ளியியலும் படித்து வந்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை மூன்றாம் செமஸ்டரில் நேராகத் தனிநிலைக் கணிதத்திலும் தரவுக் கட்டமைப்பிலும் வந்து விழுகிறது. செய்முறை வகுப்பில் இவன்தான் வேகம். ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாடு எழுதத் தொடங்கியதும் இவன் தலை குனிகிறது. முதல் அரியர் அங்கேதான் விழுகிறது. அது அறிவுக் குறை அல்ல. படிக்காத பாடம், அவ்வளவுதான். பி.எஸ்சி. பிள்ளைக்கும் இதே கதை, வேறு பாடத்தில். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் வகுப்பிலேயே ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடன்.

அடைக்க முடியுமா? முடியும். சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே, அதில் தொடங்குங்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடாதீர்கள். அணிகள், நிகழ்தகவு, நுண்கணிதம், இந்த மூன்றையும் தேர்வுப் பயம் இல்லாமல் மறுபடி போடுங்கள். தேர்வுக்காகப் போட்டபோது புரியாதது இப்போது புரியும், ஏனென்றால் இப்போது யாரும் உங்களை விரட்டவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய நிரலாவது எழுதுங்கள். வீட்டில் கணினி இல்லையா? கல்லூரி ஆய்வகத்தில், நூலகத்தில் எங்கே கிடைக்கிறதோ அங்கே எழுதுங்கள். அதுவும் இல்லாத நாளில் தாளில் எழுதி, வரி வரியாகக் கையால் ஓட்டிப் பாருங்கள். ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் உங்கள் நண்பருக்கு விளக்குங்கள். விளக்க முடிந்தால் புரிந்தது என்று பொருள்.

பிள்ளைகளிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நியாயம் ஆகாது. இங்கே கல்லூரிப் பேராசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். லேட்டரல் என்ட்ரியில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறீர்கள், கட்டணம் வாங்கிக்கொள்கிறீர்கள். அந்த முதல் ஆண்டுக் கணக்கை ஆறு வாரம் மாலை நேரத்தில் சொல்லிக் கொடுத்தால் என்ன? "டிப்ளமா பசங்க" என்று வகுப்பில் தனியாகப் பிரித்துச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தினால் என்ன? வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டு கட்டாமல் விடுவது சரியா?

வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பத்தாவதில் 60 விழுக்காடு, பன்னிரண்டாவதில் 60 விழுக்காடு, பட்டத்தில் 60 விழுக்காடு இருந்தால்தான் தேர்வே எழுத விடுவோம் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. பதினேழு வயதில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எழுதிய தேர்வு, இருபத்திரண்டு வயதில் எம்.சி.ஏ.யில் 85 விழுக்காடு வாங்கிய பிறகும் துரத்தி வர வேண்டுமா? பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைத் தன் சொந்தப் பள்ளியில் சேர்த்து, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் எழுத வைக்கும் ஸோஹோ போன்ற நிறுவனம் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. ஒரு நிறுவனத்தால் முடிகிறதென்றால் மற்றவர்களால் ஏன் முடியாது? பிள்ளைகளே, அந்த விதி மாறும்வரை காத்திருக்காதீர்கள். அந்த விதி இல்லாத நிறுவனங்களும் உண்டு. அங்கே போகும்போது காட்ட, நீங்களே எழுதி ஓட வைத்த இரண்டு மூன்று நிரல்கள் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, தங்கைகளைப் பெற்றவர்களுக்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆண் பிள்ளைக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பட்டப்படிப்புக்கு மட்டும் அல்ல, டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் கிடைக்கும் பொறியியல் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை இப்போதே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். "மார்க் கம்மி, எதுக்குப் படிக்க வச்சு, மாப்பிள்ளை பார்ப்போம்" என்ற பேச்சை இந்த ஆண்டு மட்டுமாவது தள்ளிப் போடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் அந்தப் பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, பொறியியல் கலந்தாய்வு மூன்றுக்கும் விண்ணப்பத் தேதிகள் வேறு வேறு. மூன்றுக்கும் போட்டு வையுங்கள். எது வருகிறதோ பார்த்து முடிவு செய்யலாம். கடைசி வரிசையில் இருப்பவர்கள் முதலில் எழுந்து போங்கள், வரிசை நீளுவதற்குள்.